பினாயிலுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் தங்கைக்கு



அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு சின்னக் கொட்டகை பிடித்து, பினாயிலும் தரை துடைக்கும் திரவமும் தயாரிக்கத் தொடங்கும் உன் போன்றவர்கள் முதலில் கவலைப்படுவது வாசனையைப் பற்றித்தான். நிறத்தைக் கடைசியில், பாரிமுனைக் கடையில் எந்தச் சாயம் மலிவாகக் கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தக் கடைசி முடிவில்தான் பொறுப்பு அதிகம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அழுக்கை நீக்குவதில் சாயத்துக்குப் பெரும்பாலும் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது என்ன, அதை எங்கே ஊற்றலாம், எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதையெல்லாம் லேபிளுக்கு முன்பே சொல்லிவிடுவது நிறம்.

நிறம் உண்மையாகவே வேலை பார்த்த பொருள்களும் உண்டு. சலவை நீலத்தை எடுத்துக்கொள். வெள்ளைப் பருத்தித் துணி துவைக்கத் துவைக்க மஞ்சளேறும். மேலே படியும் நீலம் அந்த மஞ்சளை ஈடுகட்ட, கண்ணுக்கு வேட்டி வெளுப்பாகத் தெரிகிறது. அழுக்கு ஒரு துளிகூடப் போவதில்லை. ஒரு காலத்தில் விலையுயர்ந்த கல்லிலிருந்து மட்டுமே கிடைத்த அந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததற்காக, பிரான்சின் கிமேவுக்கு 1828இல் பரிசு கிடைத்தது. அதன்பின் அது சலவைக்காரர் வாளிவரை மலிவாக வந்து சேர்ந்தது. 1983இல் திருச்சூர்க்காரர் எம்.பி. ராமச்சந்திரன் தொடங்கிய நிறுவனத்தின் உஜாலா, அதே வேலையை ஊதா நிறத் திரவமாகச் செய்தது. கறுப்பு பினாயிலின் கறுப்பும் அலங்காரமல்ல. நிலக்கரித் தாரிலிருந்து வந்த நிறம். தண்ணீரில் விட்டதும் அது பால்போல மாறுவதையே வீரியத்துக்குச் சான்றாக மக்கள் பார்க்கப் பழகிவிட்டார்கள். இப்படிக் காரணத்தோடு பிறந்த நிறங்கள் பிறகு காரணமின்றியும் நிலைத்தன. 1969இல் வந்த ரின் கட்டி நீலத்தைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா மஞ்சள் தூளாக வந்து, எளியவர் கைக்கு எட்டும் விலையின் அடையாளமாக அந்த மஞ்சளை ஆக்கியது.

வேதியியலே சில நிறங்களை மறுத்துவிடும். ப்ளீச்சிங் திரவத்தில் உள்ள ஹைப்போகுளோரைட் சாதாரணச் சாயங்களைத் தின்றுவிடும். அதனால்தான் அது ஏறக்குறைய நிறமற்றிருக்கிறது. கழிப்பறைக்கான கெட்டியான அமிலத் திரவத்துக்கு அடர்நீலம் பயன்படுவது நியாயமானது. வெள்ளைப் பீங்கானில் எங்கே படிந்தது, எங்கே விட்டுப்போனது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி உன் திரவத்துக்கு வருகிறேன். ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் கேனில் கொண்டுவந்து, வீட்டார் நீட்டும் காலி பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் வியாபாரம் இருக்கிறது. நீட்டப்படுவது பெரும்பாலும் குளிர்பானப் பாட்டில். அதில் தெளிந்த ஆரஞ்சோ பச்சையோ நிரம்பினால், நாலு வயதுக் குழந்தை அதை எப்படிப் பிரித்தறியும்? வெள்ளைப் பினாயிலில் இளஞ்சிவப்பைக் கலந்தால் அசல் ரோஸ்மில்க்தான். “கண்ணைக் கவராவிட்டால் விற்காது” என்பாய். கவரட்டும், பருகும் ஆசையைத் தூண்டாமல் கவரட்டும். “அப்படியானால் சாயமே வேண்டாமே” என்றும் கேட்கலாம். நிறமற்ற திரவம் தண்ணீர் போலிருக்கும். ஆபத்து இன்னும் கூடும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அரசு நீலம் ஏற்றியது கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். ஆனால் அந்த நீலம் அதைத் தண்ணீரிலிருந்தும் பிரித்துக் காட்டியது. பெரிய நிறுவனங்களும் இதைப் பட்டுத்தான் படித்தன. 2012 வாக்கில் அமெரிக்காவில் சலவைத் திரவம் அடைத்த வண்ணவண்ணமான சிறு பொதிகளை மிட்டாய் என்று குழந்தைகள் வாயில் போட்டதும், உள்ளிருப்பது தெரியாத டப்பாக்களுக்கு மாற வேண்டியதாயிற்று.

“எந்தத் திரவத்துக்கு எந்த நிறம் என்று எல்லாரும் ஏற்ற விதி கிடையாதே, என் ஒரு கொட்டகையால் என்ன ஆகும்?” என்பது வலுவான கேள்விதான். எழுதிய விதி இல்லாவிட்டாலும் பழகிய விதி இருக்கிறது. அம்பத்தூர் அலுவலகக் கட்டடங்களில் தரை துடைப்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். உன் லேபிளின் தமிழும் ஆங்கிலமும் அவர்களுக்கு உதவாது; நிறத்தைத்தான் படிப்பார்கள். கழிப்பறை அமிலத்தையும் ப்ளீச்சையும் மாற்றிக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்கிறபோது, ஊரே பழகிய நிறத்தைப் புதுமைக்காகக் குழப்புவது தவறு.

ஆகவே தரைத் திரவத்துக்கு நீலமே வை. அமிலத் திரவத்தின் அடர்நீலத்தை நெருங்காத மென்மையில் இருக்கட்டும். நம் பக்கம் அந்த நிறத்தில் குடிக்கும் பொருள் அரிது. பழச்சாறு போலத் தெளிந்து மின்னும் நிறங்களைத் தொடாதே. டெனடோனியம் என்ற கசப்புப் பொருளையும் சேர். 1958இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்டது. பத்து லட்சத்தில் சில பங்கு போதும், செலவு மிகக் குறைவு. முதல் வாயை அது தடுக்காது, இரண்டாவதைத் தடுக்கக்கூடும். நிறத்தின் வேலையை அதனிடம் விட்டுவிடாதே. சாயத்தை முடிவு செய்யுமுன் ஒரு பாட்டிலை மாதக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார், வெளிறிப்போனால் அது உதவாது. குளிர்பானப் பாட்டிலோடு வருபவருக்கு ஊற்றிக் கொடுக்காதே. முன்பணம் வாங்கிக்கொண்டு உன் கேனையே கொடு, திருப்பித் தரும்போது பணத்தைக் கொடுத்துவிடு.