உயிர் வாழும் உரிமையும் வான்கூவரின் ஓர் அறையும்

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவை நடத்தும்போது ‘உயிர் வாழும் உரிமை’யை மாணவர்கள் எளிதாக ஒப்புக்கொள்கிறார்கள். சட்டத்தை மீறுபவருக்கும் அது உண்டா என்று கேட்டால்தான் வகுப்பு சூடுபிடிக்கிறது. அதற்கு நான் எடுத்துக்கொள்வது கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள ‘இன்சைட்’ என்னும் சுகாதார மையம். மேல்நிலை வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

1990களில் அந்நகரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியில் ஊசிவழி போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. வேகமாகப் பரவியது. ஒருவர் போட்ட ஊசியை மற்றவரும் போட்டுக்கொண்டதே காரணம். அளவு மிஞ்சி, சந்துகளிலும் விடுதி அறைகளிலும் தனியாக இறந்தவர்களும் பலர். 1997இல் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986லேயே கண்காணிப்பு அறை ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. சிட்னியில் 2001இல் வந்தது. 2003 செப்டம்பரில் இன்சைட் திறக்கப்பட்டது.

அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ‘அரசே போதைப்பொருள் கொடுக்கிறது’ என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். மையம் போதைப்பொருளைத் தருவதில்லை, விற்பதில்லை. வருபவர் தாமே கொண்டுவருகிறார். புதிய ஊசி கொடுக்கிறார்கள். செவிலியர் ஊசி போடுவதில்லை, அருகிலிருந்து கவனிக்கிறார். மூச்சுத் திணறினால் ஆக்சிஜன், தேவைப்பட்டால் நலோக்சோன் என்னும் மாற்று மருந்து. பிறகு சிறிது நேரம் உட்காரவைத்து அனுப்புகிறார்கள். போதையை விட விரும்புவோருக்கு 2007 முதல் மாடியிலேயே சிகிச்சைப் பிரிவு இயங்கியது. இன்சைட்டுக்குள் பலர் அளவு மிஞ்சி மயங்கியிருக்கிறார்கள், ஒருவரும் இறக்கவில்லை.

2008இல் கனடாவின் மத்திய அரசு இம்மையத்துக்கான சட்ட விலக்கைத் தொடர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, விலக்கு அளிக்குமாறு அமைச்சருக்கு உத்தரவிட்டனர். கனடா உரிமைகள் சாசனத்தின் 7ஆவது பிரிவு உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றியது. நம் 21ஆவது பிரிவோடு பக்கத்தில் வைத்துப் படிக்க ஏற்றது. போதைப்பொருள் தடைச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இப்போது கரும்பலகையை இரண்டாகப் பிரிக்கிறேன். இடப்பக்கம் ‘எண்ணிப் பார்க்கலாம்’, வலப்பக்கம் ‘யோசித்து முடிவு செய்ய வேண்டும்’. மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மிஞ்சிய இறப்புகள் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தன, நகரின் பிற பகுதிகளில் 9 விழுக்காடுதான் குறைந்தன என்று 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இடப்பக்கம். “சார், அரசு இடம் கொடுத்தா, அது சரின்னு சொல்ற மாதிரி ஆகாதா?” என்று ஒரு மாணவர் கேட்டது வலப்பக்கம். அது நல்ல கேள்வி. அதை அடக்கிவிடக் கூடாது. அதற்கு ஒரு மாணவி சொன்னாள்: “எங்க தெருவுல ஒருத்தர் விழுந்து கிடந்தார் சார். குடிச்சிருக்கார்னு யாருமே கிட்டப் போகலை.” வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. நானும் எதுவும் சொல்லவில்லை.

இன்சைட்டால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் கலப்படமாக வந்தபின் இறப்புகள் பெருகி, 2016இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமே அவசரநிலை அறிவித்தது. பெரும்பாலோர் இறந்தது இத்தகைய அறைகளுக்கு வெளியே. இதை மறைத்துவிட்டு நடத்தினால் பாடம் பிரச்சாரமாகிவிடும்.

போதைப்பொருள் பயன்படுத்தும் முறைகளை வகுப்பில் விவரிக்கத் தேவையில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் இதை எழுதச் சொல்கிறேன்: எழுப்பினாலும் விழிக்காமை, மிக மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே 108க்கு அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை உடனிருக்க வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கான இலவச எண் 14446.