முதல் நாள் பேச்சு: ஓர் இளம் மயக்க மருத்துவருக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. மலேசியாவின் தாப்பா ஊர்ப் பிள்ளை ஒருவன் மயக்க மருந்துத் துறைக்கு வந்திருக்கிறான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நீ கேட்டிருக்கும் கேள்வியில் அதைவிட மகிழ்ச்சி. இடுப்பெலும்பு முறிந்த பாட்டி ஒருவருக்கு முழு மயக்கம் கொடுத்தாய். மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஸ் பட்டையை நெற்றியில் ஒட்டி, அதன் எண்ணை 40க்கும் 60க்கும் நடுவிலேயே வைத்திருந்தாய். ஆக்சிஜன் குறையவில்லை. ஆனாலும் அன்றிரவு பாட்டிக்கு மகளையே அடையாளம் தெரியவில்லை. குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிப் போட்டார். “எண் சரியாகத்தானே இருந்தது, பிறகு ஏன்?” என்கிறாய். உன்னைப் போன்ற பலரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாகப் பதிவு செய்தது 1924இல். மயக்க மருந்து அந்த அலைகளை மாற்றுகிறது என்பதை 1937இலேயே கிப்ஸ் தம்பதியரும் லெனாக்ஸும் எழுதிவிட்டார்கள். அலைகளைக் கணக்குப் போட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும் பிஸ் கருவிக்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. நல்ல கருவிதான். ஆனால் அது காட்டும் எண் சற்றுப் பிந்தி வரும். கெட்டமின் கொடுத்தால் ஆள் ஆழ்ந்து போகும்போதே எண் ஏறும். நெற்றித் தசை இறுகினாலும் ஏறும். 2015இல் ஆஸ்திரேலியாவில் தன்னார்வலர்கள் 10 பேருக்கு மயக்க மருந்தே இல்லாமல் தசை தளர்த்தும் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு விழிப்பில் இருந்தவர்களின் எண் 60க்குக் கீழே இறங்கியது. அசைய முடியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். இதை மட்டும் மறக்காதே.

ஆகவே எண்ணோடு நிற்காதே, திரையில் ஓடும் அலையையும் பார். புரோபோஃபோல் போட்ட இளைஞரின் அலையில் விநாடிக்கு 8 முதல் 12 வரை துடிக்கும் ஆல்ஃபா அழகாகத் தெரியும். எழுபது எண்பது வயதுக்காரரிடம் அது மெலிந்திருக்கும். கொஞ்சம் மருந்து கூடினாலும் அலை படுத்துவிடும். தட்டையான கோடு, திடீரென ஒரு வெடிப்பு, மறுபடியும் தட்டை. அப்படிக் கண்டால் மருந்தைக் குறை. நாற்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 6 விழுக்காடு வீதம் ஆவி மருந்தின் தேவை குறைந்துகொண்டே போகிறது. எண்பது வயதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

இவ்வளவு கவனமாக இருந்தால் குழப்பம் வராதா? ஹாங்காங்கில் 2013இல் வந்த ஆய்வு, எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளில் 15.6 விழுக்காட்டினரும் பார்க்காமல் கொடுக்கப்பட்டவர்களில் 24.1 விழுக்காட்டினரும் குழம்பினார்கள் என்றது. நாம் எல்லாரும் நம்பினோம். 2019இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 60 வயது தாண்டிய 1,232 பேரிடம் செய்த ஆய்வு வந்தது. அலையைப் பார்த்து மருந்தைக் குறைத்த பக்கம் 26 விழுக்காடு, வழக்கம்போல் செய்த பக்கம் 23 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. சரி, முழு மயக்கத்தை விட்டுவிட்டு முதுகில் ஊசி போட்டால்? இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே பாட்டிக்கு முழு மயக்கம் கொடுத்ததற்காக உன்னை நொந்துகொள்ளாதே.

இப்போது இன்னொரு ஆய்வு. 1999இல் யேல் மருத்துவர்கள் வார்டில் இருந்த 70 வயது தாண்டிய 852 பேரைப் பார்த்தார்கள். ஆப்பரேஷன் நோயாளிகள் அல்ல, பொது மருத்துவ வார்டு. புது மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. கண்ணாடியைக் கொடுத்தார்கள், காதுக் கருவியை மாட்டினார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், எழுப்பி நடக்க விட்டார்கள், இரவில் தூங்க விட்டார்கள், என்ன நாள், எந்த இடம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினர் குழம்பினார்கள், இப்படிக் கவனித்த பக்கம் 9.9 விழுக்காட்டினர்தான். இதற்கு நம் துறையில் கைதட்டல் குறைவு, ஏனென்றால் இதை விற்க ஒரு கம்பெனியும் கிடையாது.

தம்பி, நான் உனக்குச் சொல்ல வருவது இதுதான்: மூளைக்கான முதல் மானிட்டர் நோயாளியின் பேச்சு. அதன் முதல் அளவை ஆப்பரேஷனுக்கு முதல் நாளே, அவருடைய மொழியில் எடுத்து வைத்துவிட வேண்டும். 2018இல் நம் நாட்டில் நடந்த தேசிய ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பெரும்பாலும் வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். “வயசாச்சு, அப்படித்தான்” என்பார்கள். ஆப்பரேஷனுக்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்த மூளை எது என்று தெரியாமல், பின்பு குழம்பியது எது என்று எப்படிச் சொல்வாய்?

பீடோர், தெமோ, செண்டேரியாங் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்நாள் முழுக்க ரப்பர் பால் வெட்டிய பாட்டியிடம் இன்று தேதி என்ன என்று மலாயில் கேட்டால் விழிப்பார். “குழப்பம்” என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள். உண்மையில் அவருக்கு மூளை தெளிவாக இருக்கும், கேட்ட மொழிதான் அவருடையது இல்லை. நீ உட்கார்ந்து கேள். பிள்ளைகளின் பெயரை மூத்ததிலிருந்து சொல்லச் சொல். தீபாவளி போய் எவ்வளவு நாள் என்று கேள். காலையில் என்ன பசியாறினார் என்று கேட்டுவிட்டு மகளிடம் சரிபார். கவனத்தைச் சோதிக்க மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வோம் அல்லவா? அவருக்கு டிசம்பர், நவம்பர் வேண்டாம். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று வரட்டும். அது வராதென்றால் சனி, வெள்ளி, வியாழன். எத்தனை தடுமாற்றம் என்று தாளில் குறித்து வை. ஆப்பரேஷன் முடிந்த மாலையும் மறுநாள் காலையும் அதே கேள்விகள், அதே மொழி. இனூயே என்ற மருத்துவர் 1990இல் வகுத்த சோதனையின் மையமும் இதுதான்: திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கிறதா. பழைய அளவு கையில் இல்லாமல் ‘திடீரென்று’ என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இதே கடன் நமக்குச் செமாய்ப் பூர்வகுடித் தாத்தாவிடமும் உண்டு. தாப்பாவில் வளர்ந்த உனக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மொழி தெரிந்த உறவினர் ஒருவரை ரெக்கவரி அறைவரை வர விடு.

ஒரு காட்சி சொல்கிறேன். இப்படித்தான் ஒரு தோட்டத்துப் பாட்டி, ரெக்கவரியில் கண் விழித்ததும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பிஸ் பட்டையைத் தடவினார். “விளக்கு எரியல, பெரட்டுக்கு நேரமாச்சு” என்றார். பெரட்டு என்பது தோட்டத்தின் காலை ஆள்கணக்கு. பக்கத்தில் இருந்த மிஸ்ஸி (தாதி), அவர் பட்டையைப் பிய்க்கிறார், முரண்டு பிடிக்கிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்தை வெட்டிய கை அது. பட்டையை எடுத்துவிட்டு, “வேலைக்கு லீவு பாட்டி, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, கால் சரி பண்ணியாச்சு” என்று தமிழில் சொன்னதும் கை தளர்ந்தது. கையைக் கட்டியிருந்தால் அடுத்தது ஊசி, அதற்கடுத்து இன்னும் குழப்பம். மிடசோலம், பெத்திடின் இரண்டையும் வயதானவர்களிடம் கூடியவரை தவிர்.

முதுகில் ஊசி போட்டு விழித்திருப்பவரிடம் பேச்சின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். புரோஸ்டேட்டைச் சிறுநீர்க்குழாய் வழியாகச் சுரண்டும் ஆப்பரேஷனை எடுத்துக்கொள். கிளைசின் கரைசல் விட்டுக் கழுவிக்கொண்டே வெட்டுவார்கள். வெட்டிய ரத்தக் குழாய் வழியே அந்த நீர் உடம்புக்குள் ஏறினால் ரத்தத்தில் சோடியம் குறையும், மூளை வீங்கும். ஆரம்பத்தில் மானிட்டர் திரையில் ஒன்றும் தெரியாது. முதலில் கெடுவது பேச்சு. ஒரு தாத்தா, தோட்டத் திடலில் திரை கட்டி எம்.ஜி.ஆர். படம் போட்ட கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே வரியை இரண்டு முறை சொன்னார். கொட்டாவி விட்டார். பிறகு, “அவ வெளியில நிக்கிறாளா?” என்றார். மனைவி இறந்துவிட்டதை முதல் நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினோம், சோடியம் 118. சர்ஜன் அந்த நிமிடமே வெட்டுவதை நிறுத்தினார். இப்போது பல இடங்களில் உப்புநீர் விட்டே செய்கிறார்கள், அபாயம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் தாத்தாவைப் பேச விடு, காதில் பாட்டுக் கருவி மாட்டித் தூங்க வைக்காதே.

மூளைக் கட்டிக்கு ஆளை விழிக்க வைத்துச் செய்யும் ஆப்பரேஷனும் இதே பாடம்தான். இரண்டு மொழி பேசுபவருக்கு இரண்டு மொழியிலும் பெயர் சொல்லவைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூளைப் பரப்பில் இரண்டும் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை. அங்கே நிற்கும்போது உன் தமிழும் ஒரு கருவி.

தாத்தாக்களிடம் மறக்காமல் கேட்க வேண்டியது சம்சு என்ற நாட்டுச் சாராயம் பற்றி. மகள் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதே, “இல்லைங்க டாக்டர்” என்றுதான் வரும். தனியாக, குற்றம் சொல்லும் குரல் இல்லாமல், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேள். ஆப்பரேஷன் ஆகி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அவர் அலறும்போது, மயக்க மருந்தைக் குறை சொல்வார்கள். அது குடி நின்றதால் வந்தது. அதற்கு மட்டும் மேலே நான் தவிர்க்கச் சொன்ன மிடசோலம் வகை மருந்து தேவைப்படும், கூடவே தயமினும்.

ரத்த அழுத்தம் பற்றிச் சுருக்கமாக. நம் மக்களிடம் சர்க்கரையும் அழுத்தமும் அதிகம் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் 180லேயே பல வருடம் நடமாடியவரின் மூளை அதற்குப் பழகிவிட்டது. உனக்குப் போதுமான 100 அவருக்குப் பஞ்சம். முதல் நாள் அளவைப் பார்த்து, அதிலிருந்து அதிகம் இறங்காமல் பிடி. நள்ளிரவிலிருந்து பட்டினி போடும் பழக்கத்தையும் விடு; வயிற்றில் வேறு கோளாறு இல்லாதவருக்கு 2 மணி நேரத்துக்கு முன்புவரை தண்ணீர் கொடுக்கலாம்.

தாப்பா ஆஸ்பத்திரிக்கே ஒருநாள் உன்னை அனுப்பலாம். கேமரன் மலைப் பாதையிலிருந்தோ நெடுஞ்சாலையிலிருந்தோ தலையில் அடிபட்ட பையன் ஒருவனோடு ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் போக வேண்டிவரும். அங்கே பிஸ் கிடையாது. மேல் அழுத்தம் 110க்குக் கீழே போகக் கூடாது, ஆக்சிஜன் குறையக் கூடாது, தலைமாட்டை 30 பாகை உயர்த்து. பதற்றத்தில் மூச்சுப் பையை வேகமாக அமுக்காதே. கார்பன் டை ஆக்சைடு 1 மில்லிமீட்டர் இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 3 விழுக்காடு குறையும். 35க்குக் கீழே விடாதே. கண்மணியை டார்ச் அடித்து அடிக்கடி பார். மயக்கம் கொடுக்கும் முன்பு அவன் கடைசியாக என்ன பேசினான், எந்தக் கையை அசைத்தான் என்பதை எழுதி எடுத்துப் போ. நரம்பு சர்ஜன் முதலில் கேட்பது அதைத்தான்.

வார்டுக்குத் திரும்புவோம். கத்துகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். சாப்பிடாமல், யாரையும் கூப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பாட்டியை “நல்லா தூங்குறாங்க” என்பார்கள். அதுவும் குழப்பம்தான், அதிகம் தவறிப்போவதும் அதுதான். தாளை எடுத்துப் போய் மாதங்களைச் சொல்லச் சொல். தமிழ் தெரிந்த மிஸ்ஸி எல்லா ஷிப்டிலும் இருக்க மாட்டார். வலிக்குதா, தண்ணி வேணுமா, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, மக வருவா என்று நாலு வரியை ரூமி (ரோமன்) எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டு. மலாய்த் தாதி ஒருவர் அதைப் படித்து “வலிக்குதா?” என்று கேட்டதும் பாட்டியின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். தியேட்டர் வாசலில் கழற்றிய கண்ணாடியும் பல்செட்டும் ரெக்கவரியிலேயே திரும்பி வர வேண்டும். வலியை நரம்புத் தடுப்பு ஊசியாலும் பாராசிட்டமாலாலும் அடக்கு. புதிதாகக் குழம்பினால் சிறுநீர் அடைப்பு, கிருமித் தொற்று, சர்க்கரை, சோடியம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் தேடு. “வயசு” என்று எழுதி முடித்துவிடாதே.

குடும்பத்திடம் முன்கூட்டியே சொல். “மயக்க ஊசி போட்டதிலிருந்து அம்மா பழையபடி இல்லை” என்ற குறையை 1955இலேயே பெட்ஃபர்டு என்ற மருத்துவர் லான்செட்டில் எழுதினார். 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 60 வயது தாண்டியவர்களில் ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும் மூன்று மாதத்தில் 9.9 விழுக்காட்டினரிடமும் நினைவும் சிந்தனையும் மங்கியிருந்தன. பெரும்பாலோர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. இரண்டையும் சொல். கையெழுத்து வாங்கும் அவசரத்தில் சொல்லாதே. மகளை உட்கார வைத்துச் சொல், இரவில் ஒருவர் கூட இருக்க ஏற்பாடு செய். டிஸ்சார்ஜ் நாளில் முதல் நாள் தாளின் பிரதி ஒன்றை அவரிடம் கொடு. மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வரும்போது அதைக் கொண்டுவரச் சொல், அதே கேள்விகளைக் கேள். பதில்கள் தேறியிருக்கவில்லை என்றால் முதியோர் மருத்துவப் பிரிவுக்கு நீயே கடிதம் எழுது, வார்டு டாக்டர் எழுதுவார் என்று விட்டுவிடாதே.

அன்புடன்,
தாப்பாவிலிருந்து உன் மூத்த சகா