ஆர்.ஈ. வகுப்பும் நம் பிள்ளைகளும்

வேத பாடம்: தானியேல் 1, அப்போஸ்தலர் 17



செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தால் நம்ம சபையில ஒரு கேள்வி தவறாமல் வரும். இங்கிலாந்தில் பிள்ளைகள் செகண்டரி ஸ்கூலுக்குப் போனதும், ஆர்.ஈ. என்ற பாடத்தில் இஸ்லாம், இந்து, சீக்கியம், பௌத்தம், யூதம் என்று பல மதங்களைப் படிக்கிறார்கள். நான் சண்டே ஸ்கூல் எடுக்கிறவள் என்பதால் தாய்மார் முதலில் என்னிடம்தான் வருவார்கள். ஒரு சகோதரி கண் கலங்கிக் கேட்டார்: "அக்கா, நாங்கள் எவ்வளவு பாடுபட்டு இரட்சிப்புக்குள்ள வந்தனாங்கள். இப்ப பள்ளிக்கூடத்தில பிள்ளைக்கு மற்றதெல்லாம் படிப்பிக்கினம். கடிதம் குடுத்து நிப்பாட்டட்டோ?"

கடிதம் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெற்றோர் விரும்பினால் பிள்ளையை இந்தப் பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருந்த உரிமை, 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. காரணம் சொல்லக்கூட வேண்டாம். ஆனால் கொடுக்கத்தான் வேண்டுமா? அதுதான் காரியம்.

பயப்படுமுன் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர்ப் பாடத்திட்டம் இந்த நாட்டின் மதப் பாரம்பரியம் பெரும்பாலும் கிறிஸ்தவமே என்பதைக் காட்ட வேண்டும். மற்ற முக்கிய மதங்களின் போதனையையும் வழக்கங்களையும் சேர்க்க வேண்டும். அங்கே யாரும் யாரையும் கும்பிடச் சொல்லுவதில்லை. முஸ்லிம்கள் இதை நம்புகிறார்கள், யூதர்கள் இதை நம்புகிறார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். (சர்ச் பள்ளிக்கூடங்களின் முறை கொஞ்சம் வேறு. நான் சொல்வது சாதாரணப் பள்ளிக்கூடங்களைப் பற்றி.)

இப்போது வேதத்தைத் திறங்கள். தானியேல் முதலாம் அதிகாரம். யூதாவின் வாலிபர் நாலுபேர் பாபிலோன் அரமனையில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படித்தார்கள். அது என்ன படிப்பு? அந்த தேசத்தின் சாஸ்திரங்களும் ஞானமும்தான். தானியேலுக்குக் கொடுத்த பெயரே ராஜாவின் தேவனுடைய பெயரை ஒட்டியது என்று நாலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனாலும் அவர்கள் படிக்க மாட்டோம் என்று சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. மாறாக, அந்தக் கல்வியில் அவர்களுக்கு அறிவையும் சாமர்த்தியத்தையும் கொடுத்தது தேவனே என்று 17-ஆம் வசனம் சொல்லுகிறது. எங்கே மறுத்தார்கள்? ராஜாவின் போஜனத்தில் மறுத்தார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அவர்களில் மூன்றுபேர் பொற்சிலைக்கு முன் வணங்க மறுத்தார்கள். படிப்பதும் பணிவதும் வேறு வேறு என்று அந்த வாலிபருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம்ம பிள்ளைக்குத் தெரியுமா?

பவுலைப் பாருங்கள். அத்தேனே பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு அவருடைய ஆவி வைராக்கியமடைந்தது உண்மை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. நின்று கவனித்துப் பார்த்தார். அதனால்தான் இன்னாரென்று தெரியாத தேவனுக்குக் கட்டியிருந்த பலிபீடம் அவர் கண்ணில் பட்டது. அவர்களுடைய புலவர் சொன்னதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது, அதையே எடுத்துப் பேசினார். பிறகு எபேசுவில் பெருங்கலகம் வந்தபோது, இந்த மனுஷர் நம்முடைய தேவியைத் தூஷிக்கவில்லை என்று பட்டணத்துச் சம்பிரதியே ஜனங்களுக்கு முன்பாகச் சாட்சி சொன்னான் (அப். 19:37). அந்நிய மனுஷன் வாயிலிருந்து வந்த இந்தச் சாட்சி சின்னக் காரியமா?

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், நம்முடைய வீடுகளில் மற்ற மார்க்கத்தாரைப் பற்றிப் பேசுகிற பேச்சு எல்லாம் உண்மையல்ல. யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே சொல்லிவிடுகிறோம். பிள்ளை அதை வகுப்பில் எழுதினால் மார்க் போகும், அது ஒரு பக்கம். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கற்பனை (யாத். 20:16), அயலான் முஸ்லிமாகவோ சைவராகவோ இருந்தால் செல்லாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? நம்மில் பலருக்கு அம்மம்மாவும் சித்தப்பாவும் இன்னும் திருநீறு பூசுகிறவர்கள்தானே. அவர்களுக்காக இரவும் பகலும் ஜெபிக்கிறோம். அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று ஒழுங்காகத் தெரியாமல் எப்படிச் சுவிசேஷம் பேசுவது?

இன்னொரு பயமும் உண்டு. "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று பிள்ளை சொல்லிவிடுமோ? ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை அப்படிச் சொல்லாது. இஸ்லாமியர் ஈசா நபியை மதிக்கிறார்கள், அவர் கன்னியிடம் பிறந்ததையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் தேவகுமாரன் என்பதை மறுக்கிறார்கள். சிலுவையில் கொல்லப்படவில்லை என்கிறார்கள். நமக்கோ சிலுவை இல்லாவிட்டால் சுவிசேஷமே இல்லை. இந்த வித்தியாசம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒன்றும் படிக்காதவன்தான் எல்லாம் ஒன்று என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவான்.

என் உண்மையான பாரம் வேறு. 2016-இல் தொடங்கிய ஜி.சி.எஸ்.ஈ. பாடத்திட்டத்தில் இரண்டு மதங்கள் படிக்க வேண்டும். பல பள்ளிகளில் அதில் ஒன்று கிறிஸ்தவம். அதில் நம்ம பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? இஸ்லாத்தின் ஐந்து தூண்களைக் கடகடவென்று சொல்லுகிற பிள்ளை, திரித்துவம் என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறது! குழந்தை ஞானஸ்நானமா, விசுவாசித்த பின் எடுக்கும் ஞானஸ்நானமா என்பது அந்தப் பாடத்தில் இருக்கிறது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த வாலிபப் பிள்ளை அதற்கு நாலு வரி எழுதத் திணறுகிறது. ஏ.கியூ.ஏ. தேர்வில் 12 மார்க் கேள்வி ஒன்று வரும். ஒரு கருத்தைக் கொடுத்து, அதற்கு ஆதரவாகவும் மாறாகவும் காரணம் காட்டி, மத போதனையைச் சுட்டிக்காட்டி, தன் முடிவை எழுதச் சொல்லுவார்கள். "பாஸ்டர் சொன்னார்" என்று எழுதினால் போதாது. ஏன் என்று தெரிய வேண்டும். அந்த 'ஏன்' பள்ளிக்கூட டீச்சர் கொடுக்க வேண்டியதல்ல. உபாகமம் 6:7 அதை வீட்டில் உட்காருகிற தகப்பனிடமும் தாயிடமும் ஒப்படைத்திருக்கிறது. கடிதம் கொடுத்து பிள்ளையை லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டால் இந்தக் குறை தீருமா?

அந்தச் சகோதரிக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்யிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சில பள்ளிகள் மசூதி, குருத்வாரா, மந்திர் பார்க்க அழைத்துப் போகும். செருப்பைக் கழற்றுவதும் குருத்வாராவில் தலையை மூடுவதும் அந்த வீட்டாருக்குக் கொடுக்கிற மரியாதை, அது வணக்கமல்ல. பிரசாதம் நீட்டினால், "நன்றி, எனக்கு வேண்டாம்" என்று தாழ்மையாகச் சொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். நெற்றியில் பொட்டு வைக்க வந்தாலும் அப்படியே. போவதற்கு முன்பே வகுப்பு டீச்சருக்கு இரண்டு வரி எழுதிவிட்டால் பிள்ளைக்குச் சங்கடம் இராது. ஒரு விஜயத்துக்கு மட்டும் அனுப்ப மனம் வரவில்லை என்றால், அதிலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

இந்த வாரம் பிள்ளையின் பையிலிருக்கும் ஆர்.ஈ. கொப்பியை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். கிறிஸ்தவம் பற்றிய பாடத்தில் பதில் தெரியாத கேள்விகளை ஒரு தாளில் எழுதி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் நான் பின்னால் உள்ள சின்ன அறையில் இருப்பேன். ரோமர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வந்தால், ஞானஸ்நானக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.