பூங்காவில் ஓர் அரங்கு

மூன்றாமாண்டு இளங்கலை, வரலாறு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை முதலாமாண்டில் தேர்வுக்காகப் படித்தேன். மூன்றாமாண்டில் அதையே ஒரு மேடை கட்டுவதற்காகப் படிக்க நேர்ந்தது. எங்கள் நாடக மன்றத்தார் சென்ற தை மாதத்தில் நகரப் பூங்காவில் ஒரு திறந்தவெளி மேடை அமைத்த வரலாற்றையும், அதன்பின் எழுந்த ஒரு சிக்கலால் நான் தேடிப் படித்தவற்றையும் ஆண்டு மலர் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கல்லூரிக் கலையரங்கில் நாடகம் போட்டால் பார்ப்பவர்கள் நாமும் நம் ஆசிரியப் பெருமக்களுமே. ஊர் பார்க்க வேண்டுமென்றால் ஊர் கூடும் இடத்திற்குப் போகவேண்டும். பூங்காவில் மாலை வேளையில் நடைக்கு வரும் பெரியவர்கள், விளையாடும் பிள்ளைகள், கடலை விற்கும் ஆயா என ஒரு கூட்டம் முன்பே இருக்கிறது. அதற்கு ஒரு மேடைதான் இல்லை.

மேடை எவ்வளவு பெரியது என்ற கேள்வி வந்ததும் ஆளுக்கோர் அளவு சொன்னோம். தமிழ்த்துறை ஐயா சிரித்துக்கொண்டே, "இளங்கோவடிகள் அளவு கொடுத்துவிட்டுத்தானே போயிருக்கிறார்?" என்றார். அன்று மாலையே நூலகத்தில் அக்காதையை எடுத்தேன். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே விட்டத்தின் மீதுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள். பெருவிரலின் அகலத்தை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கோல் இரண்டடி ஆகிறது. அப்படியானால் மேடை 14 அடி அகலம், 16 அடி நீளம், 2 அடி உயரம். தலைக்குமேல் 8 அடி இடைவெளி. இன்று ஒரு கொத்தனாரைக் கேட்டாலும் இதற்கு மிக நெருங்கிய அளவைத்தான் சொல்வார். இரண்டடி உயரம் இருந்தால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கு நடிகரின் பாதம் தெரியும். நான்கடி உயர்த்திவிட்டால் முன்வரிசைக்காரர் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கொள்வார். நம் ஊர்ப் பொதுக்கூட்ட மேடைகளில் இந்தத் தவற்றை அடிக்கடி காணலாம். அங்கே தலைவர் தெரிந்தால் போதும், பாதம் தெரியவேண்டியதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கோலுக்கான மூங்கில் புண்ணிய மலைகளில் வளர்ந்ததாக, கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ளதாக இருக்கவேண்டும் என்கிறது காப்பியம். எங்கள் கோல் கடைத்தெரு மூங்கில் மண்டியில் வாங்கியது. அகலம் எந்தப் பக்கம், நீளம் எந்தப் பக்கம் என்று இரண்டு நாள் வாதிட்டு, 16 அடியைப் பார்வையாளர் பக்கம் திருப்பினோம்.

பலகை மேடையா, மண் மேடையா என்பது அடுத்த கேள்வி. பலகை மேடை ஒரே நாளில் எழும்பும். ஆனால் உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் பறை போல ஒலித்து வசனத்தை விழுங்கிவிடும். எனவே சுற்றிலும் செங்கல் வைத்து, உள்ளே மண் நிரப்பித் திமிசு போடுவது என்று முடிவாயிற்று. கணக்குப்படி 448 கன அடி, அதாவது நாலரை யூனிட் மண் போதும். ஆனால் இடிக்க இடிக்க மண் அமுங்கும் என்பதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. டிராக்டர் ஆறு நடை வந்தது. கூடுதல் நடைக்கான பணத்தை விடுதி நண்பர்கள் போட்டார்கள்.

முதலில் வேப்பமரத்தை ஒட்டி இடம் குறித்திருந்தோம். நிழலும் அழகும் இருக்கும் என்று நினைத்தோம். பூங்காத் தோட்டக்காரர்தான் தடுத்தார். "அடிமரத்துல இரண்டடி மண்ணைக் குமிச்சா வேரு எப்படி மூச்சு விடும் தம்பி? மரம் பட்டுப் போயிடும்" என்றார். பத்தடி தள்ளிக் கட்டினோம். பின்னர் தாவரவியல் விரிவுரையாளரைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னார்.

திசையிலும் தவறு செய்ய இருந்தோம். மேடையை மேற்கு ஓரத்தில் குறித்து ஒத்திகை பார்த்தபோது, ஐந்தரை மணிக்குப் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்த எவருக்கும் கர்ணன் முகம் தெரியவில்லை. பின்னால் இறங்கும் வெயிலில் அவன் வெறும் கறுப்பு உருவமாக நின்றான். மேடையைக் கிழக்கே கொண்டுபோனால் கண்கூசுவது நடிகருக்கு. எனவே வடபுறம் அமைத்துத் தெற்கு நோக்க வைத்தோம். வெயில் பக்கவாட்டில் விழுந்தது.

திறந்தவெளியில் நடிகனின் முதல் எதிரி தூரம். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஆறு டெசிபெல் குறைகிறது என்பது இயற்பியல். கிரேக்கர்கள் மலைச்சரிவைக் குடைந்து படிகளாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். சரிவில் ஒருவர் தலை மற்றொருவருக்கு மறைக்காது. குரலும் முன்னிருப்பவர் உடலில் பட்டு மடியாது. எபிடாரஸ் அரங்கு கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவ்வாறு எழுந்ததே. எங்கள் பூங்காவோ தட்டையான நிலம். மேடைக்குப் பின்னே சவுக்குக் கம்பம் நட்டு, கீற்றுத் தட்டிக்குப் பதிலாகப் பழைய பலகைக் கதவுகளை நிறுத்தினோம். கீற்று ஒலியை உறிஞ்சும். பலகை திருப்பி அனுப்பும். கூட்டத்தை நேர் எதிரே நீளமாக உட்கார வைக்காமல் தெருக்கூத்துக் களரிபோல மூன்று பக்கமும் சுற்றி உட்கார வைத்தோம். அதனால் கடைசி வரிசை பாதித் தூரத்திற்கு வந்துவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமலே நாடகம் நடந்தது. படித்தவர்கள் கட்டிய அரங்குகளைவிடக் கூத்துக் களரி இவ்விஷயத்தில் அறிவுடையது என்பது என் கருத்து.

விளக்கில்தான் தோற்றோம். தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கை நிறுத்தவேண்டும் என்று அதே காதையில் இருக்கிறது. நான் படித்திருந்தும் மறந்தேன். குந்தி வரும் காட்சி முழுவதும் ஒரு கம்பத்தின் நிழல் கர்ணன் முகத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. அதைக் குறியீடு என்று பாராட்டிய பேராசிரியர் ஒருவரிடம் நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஆயா முன்வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார். அன்று கடலை வியாபாரம் அவருக்கு இல்லை.

சிக்கல் மறுவாரம் வந்தது. கூட்டம் உட்கார்ந்த இடத்தில் புல் தேய்ந்துவிட்டதென்றும், இனி நாடகம் போடுவதானால் நுழைவுக் கட்டணம் வசூலித்துப் புல்லுக்கான செலவைக் கட்டவேண்டுமென்றும் பூங்காப் பொறுப்பிலுள்ள அலுவலகம் எழுதியது. தலைக்குப் பத்து ரூபாய் என்றால் பெரிதா என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். ஆயாவிடம் கேட்டேன். "டிக்கெட்டுன்னா நான் எங்க கண்ணு வருவேன்? வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கறேன்" என்றார்.

இதே வழக்கு நியூயார்க்கில் நடந்திருக்கிறது என்பதை ஆங்கிலத்துறை விரிவுரையாளர் சொல்லித்தான் அறிந்தேன். ஜோசப் பாப் என்பவர் புரூக்ளினில் ஏழைக் குடும்பத்தில் 1921-இல் பிறந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் காசில்லாதவருக்கும் சேரவேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1956-இல் கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்த திறந்தவெளி அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை இலவசமாக நடத்தினார். மறு ஆண்டு வண்டியில் ஏற்றிய மேடையுடன் நகரின் பகுதிதோறும் சென்று, இறுதியில் சென்ட்ரல் பூங்காவில் வந்து நின்றார். 1959-இல் பூங்காக்களின் ஆணையாளர் ராபர்ட் மோசஸ், பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்கவேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? புல் தேய்கிறது என்பதுதான்! அதைப் படித்தபோது நூலகம் என்பதையும் மறந்து உரக்கச் சிரித்துவிட்டேன்.

பாப் மறுத்து வழக்காடினார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டில் வென்றார். கட்டணம் வாங்கியே தீரவேண்டும் என்ற நிபந்தனை நியாயமற்றது என்று அங்கே முடிவாயிற்று. அதன்பின் நடந்ததுதான் வியப்பு. எதிர்த்த மோசஸே அங்கு ஒரு நிலையான அரங்கு கட்ட நகர நிர்வாகத்திடம் நிதி கேட்டார். புல்லைக் காக்க எளிய வழி, மக்களைப் புல்லில் உட்கார வைக்காமல் இருக்கையில் உட்கார வைப்பதே என்று கண்டார் போலும். பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட் ஒன்றரை லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். அவர் பெயரிலேயே 1962 ஜூன் மாதம் 'வெனிஸ் வணிகன்' நாடகத்துடன் அரங்கு திறந்தது. ஷைலாக்காக நடித்தவர் ஜார்ஜ் சி. ஸ்காட்.

குளக்கரையில், கூரையின்றி, அரைவட்டமாக ஏறிச் செல்லும் ஏறக்குறைய 1,800 இருக்கைகள் கொண்டது அவ்வரங்கு. மழை வந்தால் நாடகம் நிற்கும். வானில் விமானம் போனால் வசனம் தடுமாறும். ரக்கூன்கள் மேடைமீது உலாவுவதும் உண்டு. அறுபது ஆண்டு வெயிலும் பனியும் தின்ற மரவேலைகளைப் புதுப்பிக்க 2023-இல் அதை மூடி, 2025 ஆகஸ்டில் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்துடன் மீண்டும் திறந்தார்கள். நகரத்துக் கட்டிடங்களின் மொட்டைமாடிகளில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டிகளின் மரத்தை வெளிச்சுவருக்குப் பயன்படுத்தினார்களாம். சக்கர நாற்காலியில் வருவோர்க்கான வழிகளையும் சீர்செய்தார்கள். எங்கள் மேடைக்கு ஒரு சாய்தளம்கூட நாங்கள் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நுழைவுச்சீட்டு இன்றும் இலவசமே. ஆனால் ஒரு குறையையும் சொல்லவேண்டும். இலவசம் என்பதால் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கவேண்டியுள்ளது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கக்கூடியவர் யார் என்று கேட்டால், காசில்லாமலும் ஒரு வேலி இருக்கத்தான் செய்கிறது.

நாங்கள் வழக்காடப் போவதில்லை. தோட்டக்காரர் ஆலோசனைப்படி ஒரு மனு எழுதினோம். அருகம்புல் தண்ணீர் கண்டால் தானே படர்ந்து மூடும். இரண்டு மாதத்திற்கு நாள்தோறும் மாலை நாங்களே நீர் ஊற்றுகிறோம். மேடைக்கு முன்னால் மூன்று பக்கமும் ஒரு முழ அகலத்தில் செங்கல் திண்ணை இரண்டு வரிசை கட்டிக்கொள்கிறோம். கட்டணம் மட்டும் வேண்டாம். இவ்வளவே அதில் எழுதியது. முதல்வர் ஐயா கையொப்பமிட்டு அனுப்பினார். மறுமொழி இன்னும் வரவில்லை. நீர் ஊற்றும் வேலையை மட்டும் தொடங்கிவிட்டோம். முறை வைத்து நால்வர் போகிறோம். வடக்கு மூலையில் புல் பிடித்துவிட்டது. மேடை நடுவே மழையில் ஓரிடம் உள்வாங்கியிருக்கிறது. சரியாகத் திமிசு போடாத இடம் அது. அன்று அந்த மூலையில் நின்றவன் நான்தான். ஆயா இப்போது கடலைக் கூடையை அம்மேடையின் விளிம்பில் வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார்.