தர்பு ஜுபைதா: நீர் வகுத்த நெடுவழி

கூஃபாவிலிருந்து மக்காவரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீண்ட பழைய ஹஜ் வழியே தர்பு ஜுபைதா. பாலையில் பயணத்தைப் பகுத்தளிப்பது நீரே. ஒருநாள் நடைக்குள் நீர் கிட்டாவிடில் நடந்து செல்வோர் உயிருக்கே இடர். ஆதலின் மன்ஸில்தோறும் கிணறுகளும் குளங்களும் அமைந்தன. தொலைவு பொறித்த கற்கள் வழியுணர்த்தின. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஜுபைதா (மறைவு 831) இப்பணிக்குப் பெரும்பொருள் ஈந்தார். மூன்றரை நூற்றாண்டு கழித்து, 1184இல் இவ்வழிச் சென்ற இப்னு ஜுபைர், அந்நீர்நிலைகள் அப்போதும் பயன்படக் கண்டு அம்மையாரைப் போற்றினார்.

இடைவழி ஊரான ஃபைதில் ஹாஜிகள் தம் உணவுப்பொருளில் ஒரு பகுதியை ஒப்படைத்துச் செல்வர்; திரும்புகையில் பெற்றுக்கொள்வர். செல்லும்போதே மீளும் நாளையும் எண்ணிய திட்டம் அது.

மாணவர் இதில் ஒன்றை உணர்தல் வேண்டும்: ஹாஜியின் மனவுறுதியோடு, முகமறியாத ஒருவர் வெட்டுவித்த குளமும் சேர்ந்தே அவரை மக்காவில் சேர்த்தது.