திருகாணியைத் தொடும் முன்

அன்புத் தம்பிக்கு,

வெளியூர் போகாமல் போடியிலேயே சர்வீஸ் கடை போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்தது. உன் மேசைக்குப் பழைய லேப்டாப்தான் நிறைய வரும். 2011-ல் அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ஒரு வீட்டு அக்கா வாங்கி, இப்போது அவள் தம்பி கையில் இருப்பது ஒன்று; போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதுவது இன்னொன்று. "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு, எஸ்எஸ்டி போட்டுக் குடுங்க" என்பார்கள்.

அவர்கள் கேட்பது சரிதான். ஏலக்காய் எடுப்பைப் பார்த்திருப்பாய். எல்லாக் காயும் ஒரே நாளில் பழுக்காது. பதமான நாலு காய்க்காக ஒவ்வொரு தூரிலும் குனிந்து எழ வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட்டுக்கும் அதே பாடுதான். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைலுக்காகத் தட்டின் மேல் ஓடி ஓடித் தேடுகிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு தேடலுக்குச் சுமார் 15 மில்லிசெகண்ட் ஆகும். எஸ்எஸ்டியில் ஓடும் பாகமே கிடையாது, 0.1 மில்லிசெகண்ட் போதும். அதனால் பழைய சாட்டா 2 போர்டு நொடிக்கு 300 எம்பிக்கு மேல் விடாது என்றாலும் மிஷின் சுறுசுறுப்பாக எழுந்துவிடும். போர்டு அவ்வளவுதான் விடும் என்பதால் விலை கூடின எஸ்எஸ்டியை அவர்கள் தலையில் கட்டாதே.

மாட்டுவது இருபது நிமிட வேலை. நான் எழுத வந்தது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையைப் பற்றி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு டிஸ்க் மாற்றினேன். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் இரண்டையும் காப்பி எடுத்தேன். "பழசை நீங்களே வச்சுக்கங்க" என்றார். அன்று சாயங்காலமே அதை ஃபார்மட் அடித்து வேறொரு மிஷினில் போட்டுவிட்டேன். அவருடைய கணக்கு மென்பொருள் டேட்டாவை சி டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்திருந்தது. நான் கேட்கவில்லை, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு எடுப்பின் கூலிக் கணக்கு போயிற்று. துண்டுச்சீட்டுகளைப் பரப்பி வைத்து, காய் எடுத்த ஒவ்வொரு பெண்ணிடமும் "எத்தனை நாள் வந்தே?" என்று கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவும் இல்லை.

ஆகவே, திருகாணியைத் தொடும் முன் கேள்: "இதுல தினமும் எதைத் திறப்பீங்க?" அதைத் திறந்து காட்டச் சொல். பிறகு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைப் பார். 5-ம் எண்ணிலோ 197-ம் எண்ணிலோ கணக்கு ஏறியிருந்தால் தட்டில் பழுது விழ ஆரம்பித்துவிட்டது. அப்போது செக் டிஸ்க் ஓட்டி அதை வதைக்காதே. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போடு. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில்தான் வரும். டிஸ்க் நன்றாக இருந்தால் குளோன்ஸில்லா போதும்.

மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிடு. பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. அந்த இடைவெளியை அடைக்காமல் விட்டால் ஆடி ஆடிக் கனெக்டர் தளரும். ஜீப்பில் மலையேறப் போகும் லேப்டாப் அது.

பழைய டிஸ்க்கை அழிக்காதே. பெயரும் தேதியும் எழுதி, உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடு. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரியென்றால், நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல். ஹார்ட் டிஸ்க் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை ஓடிவிட்டு இன்று கண் திறக்காமலே போய்விடலாம். இதையும் சொல்லி அனுப்பு.

வேலை முடிந்ததும் வேகத்தைக் காட்ட அவசரப்படாதே. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வை. தினமும் திறப்பதை அவரே திறக்கட்டும். கடைசியாக எழுதிய வரியைப் பார்த்து அவர் தலையசைத்த பிறகு காசு வாங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்