நீல இன்ஹேலர் எப்படி வேலை செய்யுது?

உங்க வகுப்பில் யாராவது ஒருத்தர் பையில் நீல இன்ஹேலர் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் வருவது பொதுவா 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். இத்தனூண்டு மருந்து சில நிமிஷத்தில் மூச்சை எப்படித் திறந்துவிடுது?

முதலில் நம்ம பாடம்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த பாய்ஸ்வீ விதி ஞாபகம் இருக்கா? சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆஸ்துமா வந்தால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உள்சுவர் வீங்கும், சளியும் சேரும். அதனால் குழாய் கொஞ்சம் விரிந்தாலே பெரிய நிம்மதி.

பூட்டும் சாவியும்

அந்தத் தசைச் செல்களின் மேல் பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கு. மருந்து அதில் போய் உட்கார்ந்ததும் உள்ளே ஜி-புரதம் விழித்து, அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கிவிடும். அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி மூலக்கூறுகளை ஏராளமாகத் தயாரிக்கும். சின்ன சிக்னலைப் பெரிசாக்கும் ஆம்ப்ளிஃபையர் மாதிரிதான். முடிவில் செல்லுக்குள் கால்சியம் குறைந்து தசை தளரும்.

ஆல்ஃபா, பீட்டா என இரு வகை ஏற்பிகள் உண்டு என்று 1948-இல் சொன்னவர் ஆல்குவிஸ்ட். பழைய மருந்தான ஐசோப்ரினலின், இதயத்தின் பீட்டா-1 ஏற்பியையும் சேர்த்துத் தட்டியது. பீட்டா-2-ஐ அதிகம் நாடும் சால்பியூட்டமால் 1969-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் கை நடுக்கமும் படபடப்பும் சிலருக்கு வரும். எலும்புத் தசையிலும் இதயத்திலும்கூட பீட்டா-2 இருக்கே!

கவனிக்க வேண்டியது

இந்த மருந்து தசையைத் தளர்த்தும்; வீக்கத்தைக் குறைக்காது. பலனும் 4 முதல் 6 மணி நேரம்தான். வீக்கத்துக்கு மருந்து, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. "பம்ப் அடிச்சா சரியாயிடுதே" என்று அதை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. அதனால்தான் நீல இன்ஹேலரை மட்டுமே நம்பும் சிகிச்சை வேண்டாம் என்று 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா சொன்னது.

இன்னொன்று: மேடை பயத்துக்கு நண்பர் கொடுக்கும் ப்ராப்ரனலால் இதே பூட்டை அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

பக்கத்தில் இருப்பவர் ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காதீங்க. உட்கார வைத்து, அவருடைய இன்ஹேலரைக் கொடுத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.